கையடக்க பிளேயருக்கு எந்த ஹெட்போன்?

ஒரே பிளேயர், ஒரே பாட்டு, ஒரே ஹெட்போன். வத்தளையில் வீட்டு அறைக்குள் கேட்கும்போது மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கும்மென்று எழுகிறது. அதே பாட்டை நீர்கொழும்பு வீதியால் கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் கேட்டால் தொப்பியைக் காணோம். குரலும், மிருதங்கத்தின் மறுபக்கமான வலந்தலையும் மட்டும் மெலிந்து வருகின்றன. பேலியகொடையைத் தாண்டுவதற்குள் ஒலியளவை இரண்டு மூன்று படி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றினாலும் தொப்பி முழுதாகத் திரும்புவதில்லை. ஹெட்போனில் பழுது ஒன்றுமில்லை. பிளேயரிலிருந்து செவிப்பறை வரையுள்ள வழியில் ஒலி தேயக்கூடிய இடங்கள் மூன்று: பிளேயர் தரும் மின்சாரம், ஹெட்போன் காதை அடைக்கும் விதம், சுற்றுப்புற இரைச்சல். நல்ல தெரிவு என்பது இந்த மூன்றுக்கும் பொருந்துவது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகின்றன, அதுவும் அரைகுறையாக.

பெரும்பாலான ஹெட்போன்களின் உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்ரிக் தகடு, அதன் பின்புறம் ஒட்டிய நுண்ணிய செப்புக் கம்பிச் சுருள், சுருளைச் சூழ்ந்த நிலைக்காந்தம். சுருளில் மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாயும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. தகடு காற்றை அசைக்கிறது. ஒரு செக்கனில் எத்தனை தடவை அசைகிறது என்பதே மீடிறன். அது ஹேர்ட்ஸ் என்ற அலகால் அளக்கப்படுகிறது. இளவயதில் மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை உணரும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும்.

அந்தச் சுருள் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பைத் தடங்கல் என்பர், அலகு ஓம். இன்றைய சிறிய இயர்போன்களில் இது 16 அல்லது 32 ஓம். ஸ்ரூடியோவுக்கென்று செய்யப்படும் சில ஹெட்போன்களில் 250, 300, 600 ஓம் வரை போகும். வானொலியின் தொடக்க காலத்திலோ 2,000 ஓமுக்கு மேற்பட்டவையும் சாதாரணம். இந்த இறக்கத்துக்கான காரணம் தெரிந்தால் எந்தப் பிளேயருக்கு எது பொருந்தும் என்பதில் பாதி விளங்கிவிடும்.

கொழும்பில் எட்வேட் ஹார்ப்பர் என்ற தந்திப் பொறியியலாளர் 1923 இல் ஒலிபரப்புப் பரிசோதனைகளைத் தொடங்கினார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு கட்டிய பரப்பியால், மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகள் ஒலிபரப்பாகின. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பித்தது. அந்த யுகத்தின் எளிய வாங்கி படிகப் பெட்டி. அதற்கு மின்கலமே கிடையாது. வானலைக் கம்பியில் சிக்கும் அற்ப சக்திதான் ஹெட்போனை இயக்கவேண்டும். அத்தனை சிறிய மின்னோட்டத்தால் தகட்டை அசைக்க வேண்டுமானால் மயிரிழைக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றவேண்டும். கம்பி நீளவும் மெலியவும் ஓம் ஏறியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் போல்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்து, 1910 இல் அமெரிக்கக் கடற்படை வாங்கிய ஹெட்போன்களும் அந்த வகையைச் சேர்ந்தவையே.

மின்சைகையைப் பெருக்கும் விரியலாக்கிகள் வந்தபின் நிலைமை மாறியது. மின்னோட்டம் தாராளமாயிற்று. ஆனால் மின்கலத்தால் இயங்கும் கருவியில் வேறொரு தட்டுப்பாடு வந்தது: வோல்ற்றளவு. 1979 ஜூலை முதலாம் திகதி யப்பானில் விற்பனைக்கு வந்த சோனி வோக்மன் இரண்டு சிறிய மின்கலங்களில் ஓடியது. அதனோடு வந்த ஹெட்போனின் நிறை சுமார் 50 கிராம். அதற்கு முந்திய தலைமுறை ஹெட்போன்கள் தலையில் முந்நூறு நானூறு கிராம் பாரமாக உட்கார்ந்திருந்தன. வலிமை கூடிய புதிய காந்தங்களும் தடங்கல் குறைந்த சுருளும் சேர்ந்துதான் அந்த இலேசை இயலச் செய்தன. இன்றைய பிளேயர்கள், கைத்தொலைபேசிகள் பலவற்றில் ஹெட்போன் துளை தருவது அதிகபட்சம் அரை வோல்ற்றுக்கும் ஒரு வோல்ற்றுக்கும் இடைப்பட்ட அளவே.

ஒரு வோல்ற்று என்றே வைத்துக்கொள்வோம். 32 ஓம் ஹெட்போன் அதிலிருந்து ஏறக்குறைய 31 மில்லிவாற்று வலுவை இழுத்துக்கொள்ளும். 300 ஓம் ஹெட்போனால் இழுக்க முடிவது மூன்று மில்லிவாற்றுக்குச் சற்று மேல். பத்து மடங்கு வலு குறைந்தால் ஒலி 10 டெசிபெல் தாழும்; காதுக்கு அது ஏறத்தாழ அரைவாசிச் சத்தமாகத் தோன்றும். 300 ஓம் ஹெட்போன் அமைதியான அறையில் ஒரு கச்சேரியைக் கேட்கப் போதுமாக இருக்கலாம். ஆனால் மெல்லிய ஆலாபனையும் உரத்த தனி ஆவர்த்தனமும் ஒரே ஒலிப்பதிவில் வரும்போது, பிளேயரின் ஒலியளவுக் கோடு உச்சிக்குப் போயும் ஆலாபனை எட்டாமல் நிற்கும்.

இங்கே பெட்டி எண்கள் வைக்கும் பொறியொன்று உண்டு. உணர்திறன் என்ற தலைப்பில் “100 டெசிபெல்” என்று இரண்டு ஹெட்போன்களிலும் ஒரே எண் அச்சிடப்பட்டிருக்கும். சில கம்பனிகள் அதை ஒரு மில்லிவாற்றுக்குச் சொல்கின்றன, சில ஒரு வோல்ற்றுக்கு. மில்லிவாற்றுக் கணக்கில் 100 என்று எழுதிய 32 ஓம் ஹெட்போன், ஒரு வோல்ற்றில் 115 டெசிபெல்லைத் தொடும். அதே 100 எழுதிய 300 ஓம் ஹெட்போன் 105 ஐத்தான் தொடும். எண் ஒன்று, பிளேயரில் செருகியதும் சத்தம் இரண்டு. ஆகவே எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அலகைப் படிக்காமல் இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவதில் பயனில்லை. தனியான விரியலாக்கியைக் காவித்திரிய விருப்பமில்லாதவர் 16 முதல் 50 ஓம் வரையுள்ளதும், மில்லிவாற்றுக்கு 100 டெசிபெல் அல்லது அதற்கு மேல் உணர்திறன் உள்ளதுமான ஒன்றைத் தேடுவதே நேர்வழி. தட்டைக் காந்த வகை ஹெட்போன்கள் மட்டும் இந்தக் கணக்கை மீறுவன: ஓம் குறைவாக இருந்தும் பல மாதிரிகள் அதிக மின்னோட்டத்தைக் கேட்கும்.

முதலாவது இடம் இத்தோடு முடிகிறது. இரண்டாவதைப் பெரும்பாலானோர் கவனிப்பதேயில்லை. ஆனால் தொப்பி கேட்பதும் கேளாததும் அங்கேதான் தீர்மானமாகிறது.

சின்னஞ்சிறு தகடொன்று எப்படிப் பெருமேளத்தின் ஒலியை எழுப்புகிறது? அறையிலுள்ள ஒலிபெருக்கி அறை முழுவதிலும் காற்றை அசைக்க வேண்டியிருப்பதால் தாழ்ந்த மீடிறன்களுக்கு அதற்குப் பெரிய கூம்பு வேண்டும். இயர்போனுக்கோ தன் முகத்துக்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்ட, ஓரிரு கன சென்ரிமீற்றர் காற்று மட்டுமே வேலை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் அழுத்தம் உடனே ஏறும். விரலைச் சற்றே தளர்த்தினால், மெதுவாக அழுத்தும்போது காற்று கசிந்து ஓடிவிடும், வேகமாகக் குத்தினால் மட்டும் கொஞ்சம் அழுத்தம் நிற்கும். காதிலும் அதுவே நிகழ்கிறது. தாழ்ந்த மீடிறன் என்றால் மெதுவான அசைவு. சிலிக்கோன் முனைக்கும் செவிக்கால்வாய்ச் சுவருக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருந்தாலும் அந்த மெதுவான அழுத்தம் வெளியே போய்விடும். வேகமான உயர் மீடிறன்கள் அவ்வளவு பாதிக்கப்படா. விளைவு: தொப்பி மறையும், தாளத்தின் சிலுசிலுப்பு மிஞ்சும். “இந்த இயர்போனில் பேஸ் இல்லை” என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல, முனை அளவு மாற்றினாலே திருந்தக்கூடியவை.

சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று சோடி முனைகள் பெட்டியில் வருவது அதற்காகத்தான். இடது காதும் வலது காதும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்றுக்கு நடுத்தரமும் மற்றதுக்குப் பெரிதும் பொருந்துவோர் உண்டு. அணியும்போது மற்றக் கையால் காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்தால் கால்வாய் நேராகும், முனை சரியாக உட்காரும். காதைச் சுற்றி மூடும் பெரிய ஹெட்போனில் மெத்தையே அடைப்பு. மூக்குக்கண்ணாடியின் தண்டு மெத்தையைத் தூக்கிப்பிடித்தால் அங்கேயும் கசிவுதான். கண்ணாடி அணிபவர்கள் மென்மையும் தடிப்பும் கொண்ட மெத்தையுள்ளதைத் தேடவேண்டும், அல்லது காதுக்குள் பொருந்தும் வகைக்குப் போகவேண்டும்.

செவிக்கால்வாய் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் நீளமுள்ள, ஒரு முனை செவிப்பறையால் மூடப்பட்ட குழாய் அது. அத்தகைய குழாய் தனக்கென ஒரு பரிவு மீடிறன் கொண்டிருக்கும். இங்கே அது 3,000 ஹேர்ட்ஸுக்கு அண்மையில். திறந்த காதால் கேட்கும் எந்த ஒலியும் அந்தப் பகுதியில் இயற்கையாகவே உயர்த்தப்பட்டு வருகிறது. மூளை அதற்குப் பிறந்தது முதல் பழகியிருக்கிறது. இயர்போன் குழாயின் வாயை அடைத்ததும் அந்தப் பரிவு இடம் மாறிவிடும். ஆகவே நல்ல இயர்போன் 3,000 ஹேர்ட்ஸ் பகுதியைத் தானே உயர்த்திக் கொடுக்கவேண்டும். உயர்த்தாவிட்டால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோலிருக்கும். மிகையாக உயர்த்தினால் நாதஸ்வரம் குத்தும்.

இதை எப்படி அறிந்தார்கள் என்பது சுவையான கதை. உயிருள்ள மனிதரின் செவிப்பறையருகே ஒலிவாங்கி வைப்பது கடினம். அமெரிக்காவின் நோல்ஸ் நிறுவனம் 1972 இல் கீமார் என்ற பொம்மையை உருவாக்கியது. சராசரி வளர்ந்தவரின் தலை, மார்பு, ரப்பர் காது மடல்கள், செவிப்பறை இருக்கவேண்டிய இடத்தில் ஒலிவாங்கி. இவ்வகைப் பொம்மைகளின் தலையில் ஹெட்போனை மாட்டி அளந்தபோது, வெறும் மேசையில் அளந்ததற்கும் காதில் அளந்ததற்கும் உள்ள வேறுபாடு வெளிப்பட்டது. பின்னர், 2012 அளவில் தொடங்கி, ஷோன் ஒலிவ், ரொட் வெல்ரி ஆகியோர் ஹார்மன் நிறுவனத்தில் கேட்போரின் விருப்பத்தை ஆராய்ந்தனர். ஹெட்போனைக் கையில் எடுத்ததுமே பாரமும் மெத்தையும் அதன் விலையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவர்கள் எல்லோருக்கும் ஒரே ஹெட்போனை அணிவித்து, வெவ்வேறு ஹெட்போன்களின் ஒலித்தன்மையைக் கணினியால் அதில் உருவாக்கிக் கேட்கவைத்தனர். பெயரும் விலையும் தெரியாத நிலையில் பெரும்பாலானோர் விரும்பியது ஏறக்குறைய ஒரே ஒலித்தன்மையை: நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியைப் போன்றது.

விலையைப் பற்றி ஜெரோன் பிரேபார்ட் 2017 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விற்பனை விலையோடு ஒப்பிட்டார். மீடிறன்களை எவ்வளவு சீராக ஒலிக்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே காணப்படவில்லை. விலை கூடியவற்றில் உறுதியும் சொகுசும் கூடலாம். ஒலி கூடும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் கடைகளில் தயங்கி நிற்கும் ஒருவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது. பெட்டியிலுள்ள “20–20,000 ஹேர்ட்ஸ்” என்ற வரியையும் அங்கேயே விட்டுவிடலாம். எத்தனை டெசிபெல் ஏற்றத்தாழ்வோடு அந்த எல்லைகளைத் தொடுகிறது என்று சொல்லாத வரைக்கும் அந்த எண் எதையும் அறிவிப்பதில்லை.

மூன்றாவது இடம், சுற்றுப்புற இரைச்சல். பஸ் எஞ்சினின் உறுமலில் பெரும்பகுதி சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. தொப்பியும் பேஸ் கிற்றாரும் வாழும் அதே வட்டாரம். உரத்த ஒலி அருகிலுள்ள மெல்லிய ஒலியைக் காதிலேயே அழித்துவிடும். இதை மறைப்பு விளைவு என்பர். வெகல், லேன் என்ற ஆய்வாளர்கள் 1924 இல் வெளியிட்ட பரிசோதனை இன்னொன்றையும் காட்டியது: தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள மீடிறன்களையும் மறைக்கும், உயர்ந்த ஒலி கீழுள்ளவற்றை அவ்வளவாக மறைக்காது. காரணம் உட்காதிலுள்ள நத்தைச்சுருளில் இருக்கிறது. தாழ்ந்த மீடிறனின் அலை சுருளின் உள்முனை வரை போகவேண்டும். போகும் வழியில் உயர் மீடிறன்களுக்குரிய பகுதியையும் அசைத்துவிட்டே போகிறது. ஆகையால் எஞ்சின் தொப்பியைத் தின்றுவிட்டு, குரலின் ஒரு பங்கையும் கேட்கிறது.

தீர்வு, இரைச்சலை உள்ளே விடாதிருப்பது. பின்புறம் துளைகளுள்ள திறந்த வகை ஹெட்போன்கள் அறையில் விசாலமாக ஒலிக்கும். பஸ்ஸில் அவை பயனற்றவை. மூடிய வகையும், காதுக்குள் நன்கு பொருந்தும் இயர்போன்களும் வீதிக்கு உரியவை. நசுக்கிச் செருகும் நுரை முனைகள் உயர் மீடிறன்களில் 20 டெசிபெல்லுக்கு மேலும் குறைக்க வல்லவை. எஞ்சின் உறுமலை நிறுத்த நுரை மட்டும் போதாதென்றால் இரைச்சல் நீக்கும் வகை உண்டு. ஒலிவாங்கியொன்று வெளி இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஒலிக்கச் செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஜேர்மனியரான போல் லூக் இந்த எண்ணத்துக்கு 1936 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978 இல் விமானப் பயணமொன்றில் எஞ்சின் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமற்போனபோது இதில் இறங்கினார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான கருவியை 1989 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 100 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீற்றருக்கு மேல் என்பதால் எதிரலை சற்றுப் பிந்தினாலும் பொருந்திவிடும். 3,000 ஹேர்ட்ஸில் அலைநீளம் பதினொரு சென்ரிமீற்றரே. சிறு பிசகும் அழிப்பைக் கெடுக்கும். அதனால்தான் இந்த ஹெட்போன்கள் எஞ்சினை அமர்த்துகின்றன, பக்கத்து இருக்கைப் பேச்சை விட்டுவிடுகின்றன.

இரைச்சலைத் தடுப்பதன் பெரிய பலன் காதுக்கே. உள்ளே 80 டெசிபெல் இரைச்சல் இருக்கும் பஸ்ஸில், தடுப்பில்லாத இயர்போனோடு பாட்டுத் தெளிவாகக் கேட்க 85, 90 என்று ஏற்றவேண்டிவரும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018 இல் வகுத்த நியமம், வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபெல் என்றும், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் என்றும் வரம்பு வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் ஒலிச்சக்தி இருமடங்காகிறது. பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 83 இல் 20 மணித்தியாலம், 86 இல் 10, 89 இல் 5. தினமும் வத்தளையிலிருந்து கோட்டைக்குப் போய்வருபவரின் வாராந்தப் பயண நேரம் இந்தக் கடைசி எண்ணை எளிதில் தாண்டும். நத்தைச்சுருளின் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆனால் நடக்கும்போது நிலைமை வேறு. வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதையை ஒட்டி நடப்பவருக்குக் காதை அடைப்பதே ஆபத்து. ரயிலின் ஊதுகுழலும் தண்டவாள அதிர்வும் எட்டவேண்டிய இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவதே சரி.

கடையில் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், நன்கு தெரிந்த ஒரு பாட்டை விடச் சிறந்த கருவி கிடையாது. மிருதங்கம் தெளிவாகப் பதிவான கச்சேரி இருந்தால் இன்னும் நல்லது. சி. வி. ராமன் 1920 இலும் 1934 இலும் இந்த வாத்தியத்தைப் பற்றி எழுதினார். சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. வலந்தலையின் நடுவில் அப்பிய கரிய கரணை அவற்றை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருவதால்தான் மிருதங்கம் சுருதி சேர்கிறது என்று அவர் காட்டினார். ஆகவே வலந்தலையில் விழும் “நம்” தெளிவான சுருதியோடு ஒலித்தால் நடு மீடிறன்கள் ஒழுங்காக இருக்கின்றன. வெறும் தட்டலாகக் கேட்டால் ஏதோ ஒரு பகுதி குழிந்திருக்கிறது. தொப்பியின் “தொம்” வளைந்து தாழ்வது கேட்டால் அடைப்பும் சரி. எல்லாப் பாட்டிலும் ஒரே “பூம்” வந்தால் அது தொப்பியின் குரல் அன்று, ஹெட்போனின் சொந்தக் குரல். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தவேண்டும். ஒரு டெசிபெல் கூடினாலும் காது அதையே “நல்லது” என்று தேர்ந்துவிடும்.

செருகும்போது ஒரு விநோதம் நேரலாம்: பின்னணி இசை எல்லாம் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் காணாமற் போகும். 3.5 மில்லிமீற்றர் முனையில் இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான திரும்பும் கம்பி என்று வளையங்கள் உண்டு. முனை முழுதாக இறங்காமல் பொதுக் கம்பி தொடுகையை இழந்தால், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். பாடகரின் குரல் இரண்டிலும் சமமாகப் பதிவானதால் அது கழிந்துபோகிறது. ஒலிவாங்கியும் சேர்ந்த நான்கு வளைய முனைகளில் வளைய வரிசை இருவிதமாக இருந்ததாலும், பழைய பிளேயரோடு புதிய இயர்போன் சேரும்போது இதே குறை தோன்றும். அதைப் பழுதென்று எண்ணி வீசவேண்டியதில்லை. சற்று அழுத்தியோ மாற்றி இணைப்பியாலோ தீரும்.

புளூரூத் வகையில் விரியலாக்கி ஹெட்போனுக்குள்ளேயே இருப்பதால் ஓம், வோல்ற்று பற்றிய கணக்கு முழுவதும் தேவையற்றுப்போகிறது. அடைப்பும் இரைச்சலும் அங்கேயும் அப்படியே. காதுக்குள் இருக்கும் சிறிய லித்தியம் மின்கலம் சில நூறு தடவை மின்னேற்றிய பின் தளரும். பெரும்பாலானவற்றில் அதை மாற்ற வழியில்லை. கம்பி வகைக்கு அந்த ஆயுள் வரம்பு கிடையாது, கழற்றி மாற்றக்கூடிய கம்பியாக இருந்தால் இன்னும் மேல்.

கொழும்புக் காலநிலையும் கணக்கில் வரவேண்டும். மெத்தைகளை மூடும் செயற்கைத் தோல் பெரும்பாலும் பொலியூரிதேன். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தால் அது நீரால் சிதைந்து, கறுப்புச் செதில்களாகக் கழுத்தில் உதிரும். பாவிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தாலும் உதிரும். துணி மெத்தை இந்தச் சிதைவுக்கு ஆளாவதில்லை, ஆனால் இரைச்சலை அவ்வளவு தடுக்காது. வியர்வையின் உப்பு கம்பி முனைகளையும் தொடுகைகளையும் அரிக்கும். ஐபிஎக்ஸ்4 என்ற குறி இருந்தால் நீர்த்துளிகளைத் தாங்கும் என்று பொருள், மழையில் நனைத்தெடுக்கலாம் என்றல்ல. மாற்று மெத்தையும் சிலிக்கோன் முனையும் தனியே வாங்கக் கிடைக்கும் மாதிரியா என்பதைப் பணம் கொடுக்குமுன் கடையிலேயே கேட்டுவிடவேண்டும்.